எரிப்பதில் கண்ட இன்பம் எங்கே போயிற்று? மான்டாக்கின் மனப்போராட்டம் பற்றி ஒரு கேள்வி

எழுத்தாணி:

ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' நாவலை மூன்றாம் முறையாக வாசித்து முடித்திருக்கிறேன். 1953இல் வெளிவந்த நூல். புத்தகங்களை எரிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவன், அவற்றின் அருமையை உணர்ந்து மனம் மாறிய கதை என்றுதான் பலரும் இதைச் சொல்வார்கள். இரண்டு முறை வாசித்த பிறகும் நான் அப்படித்தான் சொல்லி வந்தேன். இம்முறை அந்த விளக்கம் எனக்கு ஒப்பவில்லை.

நாவல் தொடங்குவதே எரிப்பதில் உள்ள இன்பத்தைச் சொல்லித்தான். அந்த நாவலின் உலகில் தீயணைப்பு வீரர்களின் வேலையே புத்தகங்களை எரிப்பதுதான். பத்தாண்டுகளாக அந்தப் பணியில் இருப்பவன் மான்டாக். அவனுடைய தந்தையும் பாட்டனாரும் அதே வேலையைச் செய்தவர்கள். கையில் பித்தளைக் குழல், தலைக்கவசத்தில் 451 என்ற எண், உடலெங்கும் மண்ணெண்ணெய் வாடை. அந்த வாடை தனக்கு நறுமணமே என்று அவன் கிளாரிஸ் என்ற பெண்ணிடம் சொல்கிறான். எரித்து முடித்துத் திரும்பும்போது முகத்தில் படிந்திருக்கும் சிரிப்பு, உறங்கச் செல்லும்போதும் இருட்டில் அப்படியே இருக்கிறது. இது அச்சத்தால் வேலை செய்பவனின் முகமன்று. தொழிலில் தோய்ந்தவனின் முகம்.

ஆனால் அதே இரவில், வீட்டுக் கூடத்தின் காற்றுத்துளைக் கம்பித்தட்டியை அவன் நிமிர்ந்து பார்க்கிறான். அதற்குப் பின்னால் எதையோ ஒளித்து வைத்திருப்பது நினைவுக்கு வருகிறது. கதையில் வெகுதூரம் சென்ற பிறகே, கடந்த ஓராண்டாக அவ்வப்போது ஒவ்வொன்றாக அவன் எடுத்து வந்த புத்தகங்கள் அங்கே இருக்கின்றன என்று நமக்குத் தெரிகிறது. அப்படியானால், இன்பமாக எரித்ததும் இரகசியமாக ஒளித்ததும் ஓராண்டு காலம் ஒரே மனிதனுக்குள், ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருந்திருக்கின்றன.

அதைவிட என்னைக் கலங்கடித்தது இறுதிப் பகுதி. தன் வீட்டையே எரிக்கும்படி அவனுக்கு ஆணை வருகிறது. மனம் மாறிவிட்டதாக நாம் நம்பிக்கொண்டிருக்கும் அந்த மான்டாக், தீயெறி குழாயைக் கையில் வாங்கியதும் முன்போலவே எரிப்பதில் சுகம் காண்கிறான். தீர்வு இல்லாவிட்டால் என்ன, இப்போது சிக்கலும் இல்லை, எல்லாவற்றுக்கும் நெருப்பே சிறந்தது என்று அவன் மனம் சொல்கிறது. இது அவனுடைய மேலதிகாரி பீட்டியின் தத்துவமேயன்றி வேறென்ன?

என் கேள்வி இதுதான். மான்டாக்கின் போராட்டம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? முடிகிறதா என்பதே எனக்கு ஐயமாக இருக்கிறது.

செவ்வானம்:

எழுத்தாணி அவர்களுக்கு வணக்கம். கம்பித்தட்டியைச் சுட்டிக்காட்டியமைக்கு நன்றி. ஆயினும் போராட்டம் அங்கே தொடங்குகிறது என்பதை நான் ஏற்க மாட்டேன். ஒளித்து வைப்பது போராட்டமாகாது. ஒருவன் ஓராண்டு காலம் புத்தகங்களை ஒளித்துவிட்டு, அவற்றில் ஒரு பக்கத்தைக்கூட வாசிக்காமல், ஏன் ஒளிக்கிறோம் என்றும் தெரியாமல், மறுநாள் காலையில் மகிழ்ச்சியோடு வேலைக்குப் போக முடிகிறதென்றால், அவனுக்குள் அதுவரை எதுவும் ஒன்றோடொன்று மோதவில்லை என்றுதான் பொருள்.

மோதல் தொடங்குவது, புத்தகங்களை வைத்திருந்ததற்காக அவர்கள் எரிக்கப் போகும் ஒரு மூதாட்டியின் வீட்டில்தான் என்பது என் கருத்து. வழக்கமாக அவர்கள் போய்ச் சேரும்போது வீட்டில் ஆள் இருக்கமாட்டார்கள். முன்பே கைது செய்யப்பட்டிருப்பார்கள். ஆகவே பொருள்களை மட்டும்தான் எரிக்கிறோம், பொருளுக்கு வலிக்காது என்று தன்னைத் தேற்றிக்கொள்ள அவனுக்கு இடமிருந்தது. அன்றிரவு அந்த வசதி பறிபோகிறது. வீட்டுக்காரி வெளியேற மறுக்கிறாள். மான்டாக் அவளைக் கெஞ்சுகிறான். பீட்டி பத்து வரை எண்ணத் தொடங்குகிறார். அவள் கையில் இருப்பது அடுப்படியில் கிடக்கும் சாதாரணத் தீக்குச்சி. எரிக்கப் போனவர்கள் கையில் அத்தனை கருவிகள் இருக்க, தீயைப் பற்ற வைப்பது அவள்தான். அவர்களுடைய தொழிலையே அவள் அவர்களிடமிருந்து பறித்துக்கொள்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் மான்டாக் படுக்கையை விட்டு எழவில்லை. முந்தைய நாள் வரை நறுமணமாக இருந்த மண்ணெண்ணெய் வாடை இப்போது அவனுக்குக் குமட்டுகிறது. எரியும் வீட்டுக்குள் ஒரு பெண் தங்கிவிடுகிறாள் என்றால் அந்தப் புத்தகங்களில் ஏதோ இருக்கத்தானே வேண்டும் என்று மனைவி மில்ட்ரெடிடம் கேட்கிறான். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பின்னால் ஒரு மனிதன் இருந்திருக்கிறான், அவற்றைச் சிந்தித்து எழுத அவனுக்கு வாழ்நாள் முழுவதும்கூட ஆகியிருக்கலாம், நானோ இரண்டு நிமிடத்தில் வந்து எல்லாவற்றையும் முடித்துவிடுகிறேன் என்று சொல்கிறான். என்னைப் பொறுத்தவரை நாவலின் உயிர்நாடி இந்த இடம். அவன் இன்னும் எதையும் வாசிக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். புத்தகத்தின் கருத்து அவனை மாற்றவில்லை. காகிதத்துக்குள் ஆள் இருக்கிறான் என்ற உணர்வே மாற்றுகிறது. பொருளை எரிப்பவனாக இருந்தவன், தான் ஆளை எரிப்பவன் என்று அறிந்த கணத்திலிருந்துதான் அவனால் உறங்க முடியாமல் போகிறது.

நெடுவழி:

இருவரும் மான்டாக்கின் மீது மிகுந்த பரிவோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பரிவு அவ்வளவு எளிதாக வரவில்லை.

மூதாட்டியின் வீட்டில் ஒரு புத்தகம் வெண்புறாவைப் போல அவன் கையில் வந்து விழுகிறது. அதை அவன் ஒளித்துக்கொள்ளும் விதத்தை மீண்டும் வாசியுங்கள். மான்டாக் எதுவும் செய்யவில்லை, எல்லாவற்றையும் செய்தது அவன் கைதான் என்று நாவல் சொல்கிறது. கைக்குத் தனி மூளை, விரல்களுக்குத் தனி மனச்சான்று. இதைப் பலர் அழகான உத்தி என்று பாராட்டுவார்கள். எனக்கோ இது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் மனத்தின் மிகத் துல்லியமான சித்திரமாகப் படுகிறது. பத்தாண்டுகள் எரித்ததும் கைதான், இப்போது திருடியதும் கைதான், பிறகு பீட்டியைக் கொளுத்தியதும் கைதான் என்றால், அந்த உடம்புக்குள் மான்டாக் என்று ஒருவன் எப்போது குடிபுகுந்தான்?

இன்னொரு காட்சி; இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஃபேபரிடம் அவன் உதவி கேட்டுப் போகிறான். அவர் அஞ்சித் தயங்குகிறார். உடனே மான்டாக் என்ன செய்கிறான்? தன் கையிலிருக்கும் விவிலியத்தின் தாள்களை அவர் கண்முன்னே ஒவ்வொன்றாகக் கிழிக்கத் தொடங்குகிறான். நாட்டிலேயே அரிதாகிப்போன ஒரு நூலை, அந்த முதியவருக்கு வலிக்கும் என்று தெரிந்தே கிழிக்கிறான். அவர் பணிகிறார். புத்தகங்களைக் காப்பாற்றப் புறப்பட்டவனின் முதல் ஆயுதம் புத்தகத்தை அழிப்பேன் என்ற மிரட்டல்! பீட்டியிடம் கற்றதைத்தான் அவன் ஃபேபரிடம் செய்து காட்டுகிறான்.

ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' நாவலின் வின்ஸ்டனையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். பழைய நாளிதழ்களைத் திருத்தி எழுதி, மூலத்தை உலைக்குச் செல்லும் துளைக்குள் போடுவது அவன் வேலை. ஆட்சியை வெறுப்பவன் அவன். இருந்தும் அவன் வாழ்வின் மிகப் பெரிய இன்பம் அந்த வேலையில்தான் இருந்தது என்று ஆர்வெல் ஒளிக்காமல் எழுதுகிறார். இல்லாத ஒரு வீரனை அவன் தன் கற்பனையிலிருந்து உருவாக்கிச் செய்தியில் உலவவிடும் இடத்தில், ஓர் எழுத்தாளனின் பெருமிதம் அவனுக்கு வருகிறது. அழிப்பதிலும் திறமை உண்டு. திறமை இருக்கும் இடத்தில் இன்பமும் வந்துவிடுகிறது. கொள்கை மாறினாலும் திறமை மாறுவதில்லை. மான்டாக்கிடம் நான் காண்பதும் இதைத்தான்.

எழுத்தாணி:

நெடுவழி அவர்களே, விவிலியத்தைக் கிழிக்கும் காட்சியை நான் மூன்று முறையும் வாசித்திருக்கிறேன். மூன்று முறையும் ஃபேபரின் கோழைத்தனத்தை மட்டுமே அங்கே கண்டேன். நீங்கள் சொன்ன பிறகு இரவு அந்தப் பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி.

ஆனால் கைகளைப் பற்றிய உங்கள் கருத்தை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்புகிறவன், தீய செயலைக் கையின் மீது போட்டுவிட்டு நல்லதைத் தன்னுடையது என்பான். மான்டாக் தலைகீழாக நடந்துகொள்கிறான். முதன்முதலில் கையின் கணக்கில் வருவது அவன் செய்தவற்றிலேயே நல்ல செயல். மனம் அஞ்சி நிற்கும் இடத்தில் உடல் முந்திக்கொள்கிறது. பத்தாண்டுகள் ஒரே அசைவைப் பழகிய கை ஒருநாள் அந்த அசைவை மறுக்கிறதென்றால், அந்த மறுப்பு எங்கிருந்து வந்தது என்பதை விளக்க அவனிடம் சொற்களே கிடையாது. சொற்களை எல்லாம் அவன் எரித்துவிட்டான் அல்லவா?

தும்பி:

இதுவரை மூவரும் மான்டாக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். புத்தக எரிப்பில் உள்ள உண்மையான மனப்போராட்டம் பீட்டியினுடையது என்று நான் எப்போதும் நினைத்து வந்திருக்கிறேன்.

பீட்டி வாசித்தவர். மூதாட்டி இறப்பதற்கு முன் சொன்ன வாசகம் யாருடையது என்று மான்டாக் குழம்பும்போது, அது 1555 அக்டோபர் 16ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில் உயிரோடு கொளுத்தப்பட்ட லாட்டிமர் என்பவர் தம்மோடு எரிக்கப்பட்ட ரிட்லியிடம் சொன்னது என்று பீட்டி உடனே சொல்கிறார். தேதியோடு சொல்கிறார்! புத்தகங்களின் மீது வெறுப்பு மட்டுமே உள்ள ஒருவருக்கு இது எப்படி நினைவில் நிற்கும்? ஒவ்வொரு தீயணைப்பு வீரனுக்கும் வாழ்வில் ஒருமுறையாவது வாசிக்கும் அரிப்பு வரும், அப்படி எடுத்த புத்தகத்தை 24 மணி நேரம் வைத்திருக்க விடுவோம், அதற்குள் அவனாக எரிக்காவிட்டால் நாங்கள் வந்து எரிப்போம் என்று அவர் மான்டாக்கிடம் விளக்கும்போது, அவர் யாருடைய கதையைச் சொல்கிறார் என்று நினைக்கிறீர்கள்? அந்த 24 மணி நேரத்தின் முடிவில் தோற்றுப்போன மான்டாக்தான் பீட்டி.

எரிப்பவர்கள் படிப்பறிவற்றவர்கள் என்று நாம் நினைத்துக்கொள்வது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். 1933 மே 10ஆம் நாள் இரவு ஜெர்மனியின் பல்கலைக்கழக நகரங்களில் நூல்களைக் கொளுத்தியவர்கள் மாணவர்கள். ஏற்பாடு செய்தது மாணவர் அமைப்பு. மேடையேறிப் பேசியவர்களில் பேராசிரியர்களும் இருந்தார்கள். எரிக்கப்பட வேண்டிய நூல்களுக்கு அடிப்படையாக அமைந்த பட்டியலைத் தொகுத்தவர் வொல்ஃப்காங் ஹெர்மன் என்ற நூலகர். எந்தப் புத்தகம் ஆபத்தானது என்று அறிந்திருக்க, புத்தகங்களை அறிந்த ஒருவர் தேவைப்பட்டார். அன்றிரவு பெர்லினின் ஓப்பரா சதுக்கத்துக் கூட்டத்தில் எழுத்தாளர் எரிஷ் கெஸ்ட்னரும் நின்று, தம் நூல்கள் தீயில் வீசப்படுவதைத் தம் கண்ணாலேயே பார்த்தார். அங்கே தீயைச் சுற்றி நின்றவர்களுள் எத்தனை பேர் பீட்டியைப் போல வரிகளை மனப்பாடமாக அறிந்திருப்பார்கள் என்று நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது.

முடிவில் மான்டாக் தீயெறி குழாயைத் திருப்பும்போது பீட்டி தப்பிக்க முயல்வதில்லை, சீண்டிக்கொண்டே நிற்கிறார். ஓடும் வழியில்தான் மான்டாக்குக்கு அது விளங்குகிறது: பீட்டி சாக விரும்பியிருக்கிறார். போராட்டத்தை வென்றவனுக்கு அந்த விருப்பம் வராது. அதை உள்ளேயே புதைத்துவிட்டு, புதைத்த இடத்தின் மேல் ஆண்டுக்கணக்கில் காவல் நின்றவனுக்குத்தான் வரும்.

செவ்வானம்:

தும்பி அவர்களின் பதிவை இருமுறை வாசித்தேன். பீட்டியைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் உண்மை. ஆயினும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பீட்டிக்குள் இருப்பது ஏமாற்றம். புத்தகங்களிடம் விடை தேடிப் போய், அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டுப் பேசுவதைக் கண்டு, இவற்றால் பயனில்லை என்று கோபம் கொண்ட காதலர் அவர். மான்டாக்குக்கு அப்படி எதுவும் நேர்ந்ததில்லை. அவன் புத்தகங்களிடம் இன்னும் ஏமாறக்கூட இல்லை.

அவனுடைய வேதனை வேறு வகையானது. சுரங்க ரயிலில் உட்கார்ந்து விவிலியத்தின் ஒரு வரியை மனத்தில் நிறுத்த முயல்கிறான். பற்பசை விளம்பரம் ஒலிபெருக்கியில் மீண்டும் மீண்டும் அலறி அந்த வரியைக் கலைக்கிறது. சிறுவயதில் கடற்கரையில், சல்லடையை மணலால் நிரப்பினால் காசு தருவதாகச் சொல்லி உறவுக்காரப் பையன் ஏமாற்றியது அவனுக்கு நினைவுக்கு வருகிறது. எவ்வளவு வேகமாக அள்ளிப் போட்டாலும் மணல் அவ்வளவு வேகமாக ஒழுகிப்போகிறது. முப்பது வயது ஆண்மகன் கூட்டத்தின் நடுவே எழுந்து, அந்த விளம்பரத்தைப் பார்த்து வாயை மூடு என்று கத்துகிறான். எரிப்பதா காப்பதா என்ற கேள்வியைக்கூட அவனால் அங்கே எண்ணிப் பார்க்க முடியவில்லை. எண்ணிப் பார்ப்பதற்கு வேண்டிய அமைதியே அவனுக்கு மறுக்கப்பட்டிருக்கிறது. மனச்சான்று உள்ளவனுக்கு மனம் என்ற இடத்தையே விட்டுவைக்காத உலகம் அது.

மில்ட்ரெடையும் மறந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அளவு மீறித் தூக்க மாத்திரைகளை விழுங்கிவிட்டு, மறுநாள் காலையில் அப்படி ஒன்று நடந்ததையே மறுக்கிறாள் அவள். கிளாரிஸ் கேட்ட 'நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?' என்ற கேள்வியை அவளிடம் யாராவது ஒருமுறை கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல முறை நினைத்ததுண்டு. மான்டாக்கூட அவளிடம் அதைக் கேட்கவில்லை. புத்தகங்களைக் காட்டி வாதிடத் தொடங்கிவிட்டான். அவன்மீது எனக்குள்ள ஒரே மனத்தாங்கல் அதுதான்.

நெடுவழி:

செவ்வானம் அவர்கள் சொன்ன சல்லடைக் காட்சிக்குப் பிறகு என் கடுமையைச் சற்றே குறைத்துக்கொள்கிறேன். எழுத்தாணி கேட்ட இரண்டாம் கேள்விக்கு, அதாவது போராட்டம் முடிகிறதா என்பதற்கு, ஆற்றங்கரைப் பகுதியில் ஒரு விடை இருப்பதாக நினைக்கிறேன்.

இயந்திர வேட்டைநாய்க்குத் தப்பி ஆற்றில் மிதந்து போகும்போது, பல ஆண்டுகளில் முதன்முறையாக அவனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. அங்கே அவன் செய்யும் தருக்கம் ஒரு குழந்தையினுடையதைப் போல எளிமையானது. சூரியன் ஒவ்வொரு நாளும் எரிகிறது, காலத்தை எரிக்கிறது. நானும் என் கூட்டத்தாரும் மற்றவற்றை எரித்தால் எதுவுமே மிஞ்சாது. இருவரில் ஒருவர் நிறுத்த வேண்டும். சூரியன் நிறுத்தப்போவதில்லை. ஆகவே நான்தான் நிறுத்த வேண்டும். இலக்கியம் உயர்ந்தது, அறிவு புனிதமானது என்ற பேச்செல்லாம் அங்கே இல்லை. கையின் மீதோ பீட்டியின் மீதோ அரசின் மீதோ பழி போடாமல், 'நான் நிறுத்த வேண்டும்' என்று அவன் தன்னை முன்னிறுத்துவது அங்கேதான். நான் கேட்ட 'எப்போது குடிபுகுந்தான்' என்பதற்கு நானே கண்ட விடை இது.

இருப்பினும் பிராட்பரி அவனை அத்தோடு விட்டுவிடவில்லை. காட்டில் அவன் சந்திக்கும் மனிதர்கள் ஆளுக்கொரு நூலை மனத்தில் தாங்கியிருப்பவர்கள். அவர்களுடைய தலைவர் கிரேஞ்சர் ஒரு செய்தியைச் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்: நாங்களும் புத்தகங்களை எரிப்பவர்கள்தாம், கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற அச்சத்தால், வாசித்து முடித்து எரித்துவிடுகிறோம். எரிப்பதிலிருந்து தப்பி ஓடி வந்தவன் மீண்டும் எரிப்பவர்களிடமே வந்து சேர்கிறான்! இந்த வரியை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தும்பி:

அதில் ஒரு வேறுபாடு உண்டு, நெடுவழி அவர்களே. பீட்டி எரித்த பிறகு அந்த நூல் உலகில் இல்லாமல் போகிறது. கிரேஞ்சரின் ஆட்கள் எரிக்கும்போது அது ஒருவருக்குள் குடியேறியிருக்கிறது. ஆனால் அந்த ஒருவர் காய்ச்சலில் விழலாம், மறக்கலாம், ஒரு சொல்லை மாற்றிச் சொல்லலாம். காகிதத்துக்கு இருந்த உறுதி மனித உடம்புக்கு இல்லை. அவர்கள் நடுவே மான்டாக்குக்குக் கிடைக்கும் இடம் விவிலியத்தில் உள்ள பிரசங்கியின் புத்தகம். அதுவும் முழுமையாக நினைவில்லை. அதே நூலை அறிந்த வேறொருவர் இருக்கிறார், அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் நீங்கள்தான் அந்த நூல் என்கிறார் கிரேஞ்சர். பத்தாண்டுகளில் எத்தனை நூல்களைச் சாம்பலாக்கினோம் என்பதற்குக் கணக்கில்லாதவன், பாதி நினைவிலுள்ள ஒரு நூலுக்காகத் தன் உயிரைக் காத்துக்கொள்ள வேண்டிய நிலை. இதை மன்னிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடன் என்று சொல்லலாம்.

எழுத்தாணி:

கடன் என்ற சொல் மிகச் சரியாக விழுந்திருக்கிறது. உங்கள் அனைவரின் பதிவுகளையும் வைத்துக்கொண்டு நேற்று அந்தக் கடைசிப் பகுதியை மெதுவாக வாசித்தேன்.

அந்த மனிதர்களை நெருங்குவதற்கு முன், இருட்டில் நின்று தொலைவிலிருந்து அவர்களுடைய நெருப்பை மான்டாக் பார்க்கிறான். முதலில் அஞ்சுகிறான், நெருப்பென்றால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதானே. பிறகே அது எதையும் எரிக்கவில்லை, குளிர்காய மூட்டப்பட்டது என்று விளங்குகிறது. எடுத்துக்கொள்ள மட்டும் அல்லாமல் கொடுக்கவும் நெருப்பால் முடியும் என்று அவனுக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை. அதன் வாசனைகூட வேறாக இருக்கிறது. எரிப்பதில் அவன் கண்ட இன்பம் எங்கே போயிற்று என்று நான் கேட்டிருந்தேன். அது எங்கும் போகவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அவன் இன்னும் நெருப்பைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறான், அதே ஈர்ப்போடு.

நெடுவழி அவர்கள் கைகளைப் பற்றிச் சொன்னதால் இம்முறை இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த நெருப்பைச் சுற்றி அவனுக்கு முதலில் தெரிவது ஆட்களின் முகங்கள் இல்லை, கைகள். இருட்டில் தோளும் உடம்பும் மறைந்திருக்க, வெப்பத்தை நோக்கி நீண்டிருக்கும் பல கைகள். எதையும் பிடித்திருக்காத கைகள். மான்டாக் அந்த இடத்தில் வெகுநேரம் நிற்கிறான். அவர்கள் வெளியே வரச் சொல்லி அழைக்கும் வரை அவன் நகரவில்லை.